ஆடிவேல் வரும் வழியில் ஓர் ஆரம்பப் பாடம்

கேள்வி: ஆரம்பப் பிரிவு மாணவர் ஊர் மரபை வகுப்புச் செயற்றிட்டமாக ஆராய்வது பயன் தருமா? பம்பலப்பிட்டியில் அதற்கு என்ன இருக்கிறது?
– வாசகி ஒருவர், பம்பலப்பிட்டி

பதில்: நிச்சயமாகப் பயன் தரும். இலங்கையின் ஆரம்பக் கல்வியில், அதாவது தரம் 1 முதல் 5 வரை, பிள்ளை தன்னைச் சூழ்ந்த மனிதரையும் இடத்தையும் இயற்கையையும் நேரில் கண்டும் கேட்டும் கற்பதற்கென 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்னும் பாடம் இருப்பதால், இதற்குத் தனியாக நேரம் தேட வேண்டியதில்லை. பிரித்தானியாவின் வேல்ஸில் 2022இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டமும் பிள்ளை வாழும் இடத்தையும் அதன் பண்பாட்டையும் கற்றலின் அடிப்படையாகக் கொள்கிறது.

கொழும்பின் பம்பலப்பிட்டிக்கு மிகப் பொருத்தமான பொருள், ஆடி மாதத்து முருகன் விழாவான ஆடிவேலே. கொள்ளைநோய் பரவும் என்னும் அச்சத்தால் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில அரசு முருகன் தலமான கதிர்காமத்துக்குச் செல்லும் யாத்திரையைக் கட்டுப்படுத்தியபோது, நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கொழும்பிலேயே இவ்விழாவை வளர்த்தனர்; முருகனின் வேல் செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களிலிருந்து தேரேறி, காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயில்களுக்கு வருகிறது. வணிகம், நோய், குடியேற்றம், வழிபாடு யாவும் இந்த ஒரே ஊர்வலத்தில் பின்னிக் கிடக்கின்றன என்பதே இதன் பெருஞ்சிறப்பு. தமிழருக்கு எதிரான 1983 வன்செயலுக்குப் பின் விழா சில ஆண்டுகள் தடைப்பட்டதையும் வயதுக்கேற்ற சொற்களில் சொல்லத்தான் வேண்டும். அதை மறைப்பது மரபுக் கல்வி ஆகாது.

படம் வெட்டி ஒட்டும் ஒப்படை இதற்குப் போதாது. தேர் வரும் வழியை மாணவரே வரைந்து, பாட்டன் பாட்டியரின் நினைவுகளைக் கேட்டு எழுதி, அவற்றைச் சிங்கள, முஸ்லிம் அயலவர் சொல்வதோடு ஒப்பிட வேண்டும். வாசகி தம் பிள்ளையின் வகுப்பாசிரியரிடம் அடுத்த ஆடிக்கு முன்பே இதைப் பற்றிப் பேசுவது நல்லது.