இணையச் செயலிக்கு ஓயாத காவல்

ஊராட்சி அலுவல்கள் பலவும் இன்று இணையத்தின் வாயிலாக நடைபெற்று வருகின்றன. மத்திய அரசு 2020 ஏப்ரல் 24ல் தொடங்கிய இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் ஊராட்சிகளின் திட்டங்களும் கணக்குகளும் பதியப்படுகின்றன. ராயபுரத்தை ஒட்டிய காசிமேட்டிலிருந்து கடலுக்குப் புறப்படும் மீனவர், ஐதராபாத்திலுள்ள இன்காயிஸ் நிறுவனம் வெளியிடும் அலை, காற்று முன்னறிவிப்புகளைக் கைப்பேசியிலேயே காணலாம். இத்தகைய சேவை சிறிது நேரம் நின்றாலும் நட்டம் மக்களுக்கே. ஆகவே, இணையச் செயலி எவ்வாறு ஓடுகிறது, அதை எவ்வாறு கண்காணிப்பது என்பவற்றை நாம் அறிந்திருத்தல் அவசியம்.

எண்ணூரை அடுத்த காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாள்தோறும் 10 கோடி லிட்டர் குடிநீர் ஆக்கும் திறனுடைய நிலையம் 2010ல் திறக்கப்பட்டது. அத்தகைய நிலையத்தில் பம்பை ஓடவிட்டு எவரும் வீட்டுக்குப் போய்விட இயலாது. ஷிப்டு முறையில் ஆட்கள் கண்காணிக்க வேண்டும். இணையச் செயலியும் அவ்வாறே. அது சர்வர் என்னும் கணினியில் இடைவிடாது ஓடும் ஒரு நிரல். நிரலில் பிழை நேர்ந்தாலோ, நினைவகம் நிரம்பினாலோ அது நின்றுவிடும். நள்ளிரவில் நின்றால் மறுபடி ஓட்டுவது யார்? அந்தப் பொறுப்பை ஏற்கும் காவல் நிரலுக்கே புராசஸ் மேனேஜர் என்று பெயர். நோட் ஜே.எஸ். செயலிகளுக்குப் பி.எம்.2 என்பது பெரிதும் வழங்குகிறது. லினக்ஸ் கணினிகளில் சிஸ்டம்டி என்பதும் இப்பணியைச் செய்யும்.

பி.எம்.2 ஆற்றும் பணிகள் நான்கு.

முதலாவது, செயலி நின்றவுடன் அதனை மீண்டும் தொடங்குதல்.

இரண்டாவது, நினைவகப் பயன்பாடு நாம் விதித்த எல்லையைத் தாண்டினால் செயலியை நிறுத்திப் புதிதாக ஓட்டுதல்.

மூன்றாவது, செயலி வெளியிடும் செய்திகளையும் பிழைகளையும் லாக் என்னும் பதிவேட்டில் எழுதி வைத்தல்.

நான்காவது, சர்வர் அணைந்து மீண்டும் உயிர்பெறும்போது செயலியையும் தானே எழுப்புதல். ஆனால் இதற்கு முன்னேற்பாடு வேண்டும். 'ஸ்டார்ட்அப்' கட்டளையால் காவல் நிரலைக் கணினியின் தொடக்கப் பணிகளில் சேர்த்து, 'சேவ்' கட்டளையால் ஓடும் செயலிகளின் பட்டியலைச் சேமிக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் வெள்ளம் சூழ்ந்து, பல இடங்களில் மின்சாரம் தடைப்பட்டது. அத்தகைய வேளையில், இவ்விரண்டும் செய்யப்படாத சர்வருக்கு மின்சாரம் திரும்பினாலும் செயலி திரும்பாது.

காவல் இருக்கிறதென்று வாளாவிருத்தல் தகாது. அடிக்கடி நின்றுபோகும் மோட்டாருக்கு மறுபடி மறுபடி ஸ்டார்ட்டரை அழுத்துவது பழுதுபார்த்தல் ஆகாது. பி.எம்.2 காட்டும் பட்டியலில் ஒவ்வொரு செயலியும் எத்தனை முறை மீண்டும் தொடங்கப்பட்டது என்னும் எண் இருக்கும். அந்த எண் நாளுக்கு நாள் ஏறினால், நோய் உள்ளே இருக்கிறதென்று கொண்டு, பதிவேட்டைப் படித்துக் காரணம் காண வேண்டும். தொடங்கிய கணத்திலேயே திரும்பத் திரும்ப விழும் செயலியைக் காவல் நிரல் ஒரு நிலையில் கைவிட்டுவிடும் என்பதையும் மறத்தலாகாது.

பம்பு ஓடுகிறது, ஆனால் வால்வு மூடியிருப்பதால் குழாயில் தண்ணீர் இல்லை. செயலிக்கும் இந்நிலை உண்டு. பட்டியலில் 'ஆன்லைன்' என்றிருக்கும். தகவல் தளத்துடன் தொடர்பு அறுந்திருப்பதால் பக்கம் மட்டும் திறவாது. சர்வரே அணைந்துவிட்டாலோ, அதனுள் இருக்கும் காவல் நிரலும் உடன் அணையும். ஆகையால், வேறிடத்திலுள்ள கணினி ஒன்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை அப்பக்கத்தைத் திறந்து பார்த்து, விடை வராவிடில் பொறுப்பாளருக்குச் செய்தி அனுப்பும் ஏற்பாடும் இன்றியமையாதது.

மீஞ்சூர் ஒன்றியத்து அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி போன்ற ஊராட்சிகளானாலும், பிற மாவட்டத்து ஊராட்சிகளானாலும், செயலி ஒன்றை ஒப்பந்தத்தில் செய்விக்கும்போது உறுப்பினர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: செயலி நின்றால் தானே எழுமா? மின்சாரம் போய் வந்தால் எழுமா? பதிவேட்டை வாரந்தோறும் படிப்பவர் யார்? வெளியிலிருந்து சோதிப்பது எது? இரவில் செய்தி யாருக்குப் போகும்? ஒப்படைக்கும் நாளன்றே சர்வரை ஒருமுறை அணைத்து ஏற்றிக் காட்டச் சொல்வதும் நம் உரிமையே. வரி செலுத்த வந்த குடிமகன் வெறுங்கையுடன் திரும்பாதிருக்க, இச்சிறு விழிப்பு பெருந்துணையாகும்.