கப்பல் விருந்தும் கால் செருப்பும்

கல்யாண விருந்துக்குப் போவதென்றால் என்ன புடவை, என்ன நகை என்று ஒரு வாரம் யோசிப்பீர்கள். செருப்பைப் பற்றி மட்டும் யோசிக்க மாட்டீர்கள். மண்டபத்து வாசலில் கழற்றிப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. பந்தியில் பாதிப் பேர் வெறுங்கால்தான். கப்பல் விருந்தில் இந்த வசதி கிடையாது. வெறுங்காலோடு சாப்பாட்டுக் கூடத்துக்குள் விடமாட்டார்கள். மூன்று மணி நேரம், சமயத்தில் அதற்கு மேலும், காலில் ஏதாவது ஒன்று இருந்தே ஆக வேண்டும். அது என்னவாக இருக்க வேண்டும்?

'சித்த வைத்தியருக்குக் கப்பலில் என்ன வேலை?' என்று சிரிக்காதீர்கள். மூட்டுவலிக்குத் தைலம் வாங்க வருகிறவர்கள், "டாக்டர், பையன் சிங்கப்பூர்ல கப்பல் டிக்கெட் போட்டிருக்கான், போகலாமா?" என்று கேட்பது இப்போது சர்வ சாதாரணம். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே 'எம்ப்ரஸ்' என்ற சொகுசுக் கப்பல் கிளம்பிய பிறகு, கப்பல் பயணம் நம் நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டாத சமாச்சாரமாக இல்லை. போய் வாருங்கள். ஆனால், போகும் முன் காலைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள்.

முதலில் விருந்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிரின்சஸ், கார்னிவல் போன்ற கம்பெனிகளின் கப்பல்களில் 'செஃப்ஸ் டேபிள்' என்று ஒரு தனி விருந்து உண்டு. ஒரு பத்துப் பன்னிரண்டு பேரை மட்டும் சேர்த்துக்கொள்வார்கள். கட்டணம் தனி. இதன் விசேஷமே, சாப்பிட உட்காரும் முன் உங்களைக் கப்பலின் சமையற்கட்டுக்குள் அழைத்துப் போவதுதான். அந்தச் சமையற்கட்டுக்குக் 'கேலி' என்று பெயர். நம் ஊர்க் கேலி அல்ல! கையைக் கழுவச் சொல்லி, வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டு, அடுப்புகளையும் சமையற்காரர்களையும் காட்டுவார்கள். அங்கேயே நின்றபடி சாப்பிட ஒன்றிரண்டு சின்னப் பலகாரம். கூடவே மதுவும் வரும். வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அப்புறம் மேஜையில் உட்காரவைத்துத் தலைமைச் சமையற்காரரே ஒவ்வொரு பதார்த்தமாக விளக்கிப் பரிமாறுவார்.

இந்த விருந்துக்குப் பதிவு செய்யும்போதே, 'விரல் தெரியாத மூடிய ஷூ போட்டு வாருங்கள்' என்று சொல்வார்கள். நம்மவர்கள் இதை நாகரிகத்துக்காகச் சொல்வதாக நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. இது பாதுகாப்புக்கான விதி.

யோசித்துப் பாருங்கள். இரண்டாயிரம், மூன்றாயிரம் பேருக்குச் சமைக்கிற இடம். தரையை அடிக்கடி தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். தள்ளுவண்டிகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும். கப்பல் கதவுகளில் சில இடங்களில் தண்ணீர் அந்தப் பக்கம் போகாமலிருக்க, பழைய வீட்டு நிலைப்படி மாதிரி உயரமான தடுப்பு இருக்கும். இத்தனைக்கும் நடுவே கப்பலும் மெல்ல ஆடும். 'எங்க வீட்டுச் சமையற்கட்டில் நாற்பது வருஷமா வெறுங்காலோடதான் நிக்கிறேன்' என்று நீங்கள் சொல்லலாம். அது உங்கள் சமையற்கட்டு. எந்த இடத்தில் ஈரம், எந்தக் கல் வழுக்கும் என்று உங்கள் காலுக்கே தெரியும். அங்கேயும்கூட கொதிக்கிற ரசம் சிந்தினால் முதலில் வெந்துபோவது எது? புறங்கால்தானே! திறந்த செருப்பு காப்பாற்றாத இடமும் அதுதான்.

ஆக, மூடிய ஷூ என்பதில் மாற்றுப் பேச்சில்லை. எந்த மூடிய ஷூ என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

புது ஷூவும் மரத்த காலும்

என்னிடம் வருகிற ஒரு அம்மா, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. வயது அறுபதைத் தாண்டியாயிற்று. பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. பெண்ணும் மாப்பிள்ளையும் கப்பலில் அழைத்துப் போவதாகச் சொல்லிப் பூரித்துப்போய் வந்தார். "பொண்ணு அந்த விருந்துக்குன்னே கறுப்பு ஷூ அனுப்பியிருக்கா டாக்டர். அழுக்காயிடக் கூடாதுன்னு பெட்டியிலயே வெச்சிருக்கேன். அன்னிக்குத்தான் முதல்ல போடணும்" என்றார்.

"அம்மா, அதை நாளைக்கு எடுத்துட்டு வாங்க" என்றேன்.

மறுநாள் அந்த ஷூவை மாட்டிக்கொண்டு வராந்தாவில் பத்து நிமிஷம் நடக்கச் சொன்னேன். "எப்படி இருக்கு?" "பஞ்சு மாதிரி இருக்கு டாக்டர்!" கழற்றிப் பார்த்தால் இரண்டு சுண்டுவிரல்களிலும் ரத்தச் சிவப்பாக அழுந்தின தடம். அவருக்கு அது தெரியவே இல்லை. கண்ணை மூடச் சொல்லி விரல் நுனிகளைத் தொட்டேன். கட்டை விரல் தெரிந்தது. சுண்டுவிரல் இரண்டுமே தெரியவில்லை. பத்து நிமிஷத்தில் இந்தத் தடம் என்றால், மூன்று மணி நேர விருந்தில் கொப்புளம். அதன் மேலேயே மறுநாள் ஊர் சுற்றினால் புண். சர்க்கரைக்காரர்களின் காலில் வரும் புண் எங்கே போய் முடியும் என்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

வலிக்கிற ஷூவை யாரும் போட்டுக்கொண்டிருக்க மாட்டோம். வலி தெரியாத காலுக்குத்தான் ஆபத்து. எங்கள் மருத்துவத்தில் மரத்துப்போவது, குத்தல், குடைச்சல் எல்லாம் வாதத்தின் கணக்கில் வரும். அதற்கு உள்ளுக்கும் வெளிக்கும் மருந்துகள் உண்டு. ஆனால், 'தைலம் தேய்த்துக்கொண்டு கப்பலேறுங்கள், ஒன்றும் செய்யாது' என்று ஒருபோதும் சொல்லமாட்டேன். தைலம் தேய்த்த காலோடு ஷூ போட்டால் உள்ளேயே வழுக்கும். அது வேறு வம்பு!

நான் செய்த பரிசோதனையை நீங்கள் வீட்டிலேயே செய்யலாம். இங்கிலாந்தில் இதை 'இப்ஸ்விச்' தொடு சோதனை என்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு படுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் உங்கள் கட்டை விரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஒன்றிரண்டு விநாடி லேசாகத் தொட வேண்டும். அழுத்தவோ, தட்டவோ, கிச்சுகிச்சு மூட்டவோ கூடாது. இரண்டு காலிலும் சேர்த்து ஆறு இடம். தொடுவது தெரிந்தால் 'இடது', 'வலது' என்று சொல்லுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால், உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று அர்த்தம். பயணத்துக்கு முன் உங்கள் சர்க்கரை டாக்டரிடம் காலைக் காட்டிவிடுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அந்த அம்மாவுக்கு என்ன சொன்னேன்? அழகான ஷூவைப் பெண்ணிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டு, முன்பக்கம் அகலமாக, உள்ளே எம்.சி.ஆர். மெத்தை வைத்த மூடிய ஷூ வாங்கச் சொன்னேன். சர்க்கரைக்காரர்கள் வழக்கமாகப் போடும் எம்.சி.ஆர். செருப்பு நல்லதுதான். ஆனால், அது திறந்த செருப்பு. சமையற்கட்டுக்குள் ஆகாது.

வாங்கும்போது...

சாயங்காலம் போய் வாங்குங்கள். பொழுது சாயச் சாயக் கால் கொஞ்சம் வீங்கும். விருந்து ராத்திரியில். போதாததற்கு விமானத்தில் மணிக்கணக்காகக் காலைத் தொங்கப் போட்டு வந்திருப்பீர்கள். கப்பல் சாப்பாட்டில் உப்பும் தூக்கலாக இருந்தால் கேட்கவே வேண்டாம். காலையில் கச்சிதமாக இருக்கிற ஷூ, ராத்திரியில் கடிக்கும். இரண்டு காலையும் அளந்து, பெரிய காலுக்குத் தகுந்த அளவை எடுங்கள். நின்றுகொண்டு பார்க்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் இருக்க வேண்டும்.

முன்பக்கம் கூராக இருக்கிற ஷூ நம் காலுக்கு ஒத்துவராது. நாம் செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்தவர்கள். விரல்கள் நன்றாக விரிந்திருக்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1992-ல் கர்நாடகத்தில் 2300 குழந்தைகளின் பாதங்களைப் பரிசோதித்து ஓர் ஆய்வு வெளியானது. காலணி போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம்தான். மூடிய ஷூ போட்ட பிள்ளைகளிடம்தான் அது அதிகம். அப்படி வளர்ந்த காலைக் கொண்டுபோய் ஊசி முனைக்குள் திணிப்பது என்ன நியாயம்?

குதிகால் உயரம் ஓர் அங்குலத்துக்குள் இருக்கட்டும். ஆடுகிற தரையில் ஹை-ஹீல்ஸ் போட்டு நடப்பது சர்க்கஸ். அடிப்பாகம் பள்ளம் பள்ளமாகப் பிடிப்புள்ள ரப்பராக இருக்க வேண்டும். பளபளவென்று வழவழப்பான தோல் அடிப்பாகம், ஈரத் தரையில் வாழைப்பழத் தோல்தான். அதற்காக ரொம்பத் தடித்த, பஞ்சு மாதிரி அமுங்குகிற அடிப்பாகமும் வயதானவர்களுக்கு வேண்டாம். உள்ளங்காலுக்குத் தரை தெரிந்தால்தான் உடம்பு நிதானமாக நிற்கும்.

புடவைக்கு, மேலே பட்டை வைத்த தட்டையான கட் ஷூ பாந்தமாக இருக்கும். ஒரு விஷயம்: ஷூவைப் போட்டுக்கொண்டபின் புடவை கட்டுங்கள். நம் பெண்கள் வெறுங்காலில் நின்று கொசுவத்தைச் செருகிவிட்டு அப்புறம் செருப்பு மாட்டுகிறார்கள். உயரக் கணக்கு மாறி, ஒன்று கரை தூக்கிக்கொண்டு நிற்கும்; இல்லாவிட்டால் காலில் தடுக்கும். விருந்துக்கு மட்டும் கரையைத் தரையிலிருந்து இரண்டு விரற்கடை உயர்த்திக் கட்டினால், அந்த நிலைப்படித் தடுப்புகளைத் தாண்டும்போது நிம்மதி.

ஆண்களுக்குக் கறுப்புத் தோல் ஷூ இருந்தால் கவலையில்லை. "வேட்டி கட்டலாமா?" என்று கேட்கிறார்கள். தாராளமாக! கியூனார்ட் கப்பல்களின் உடை விதியிலேயே தேசிய உடைக்கு இடம் உண்டு. வேட்டிக்கு ஷூவா என்று தயங்க வேண்டாம். அந்தக் காலத்து வக்கீல்களும் தலைமை ஆசிரியர்களும் பஞ்சகச்சம், கோட்டு, ஷூவோடு கம்பீரமாக நடந்தவர்கள்தானே?

சமையற்கட்டுக்குள் போகாத சாதாரண விருந்து என்றால், பெண்கள் பின்பட்டை வைத்த அழகான செருப்பே போடலாம். ரப்பர் செருப்பு மட்டும் கூடாது.

பதினைந்து நாள் முன்பே

புது ஷூவை வீட்டுக்குள்ளேயே பழக்குங்கள். முதல் நாள் அரை மணி. பிறகு ஒன்று, இரண்டு மணி என்று கூட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் கழற்றியதும் காலைப் பாருங்கள். சிவந்த தடம் அரை மணியில் மறையாவிட்டால் அந்த ஷூ உங்களுக்கானது அல்ல. சாக்ஸ் பருத்தியாக இருக்கட்டும். மேலே எலாஸ்டிக் இறுக்கிப் பிடிக்கக் கூடாது.

குதிகாலில் பித்தவெடிப்பு உள்ளவர்கள் ராத்திரி காலைக் கழுவித் துடைத்து, குங்கிலிய வெண்ணெய் தடவி, சாக்ஸ் போட்டுப் படுங்கள். விருந்தன்று மட்டும் வேண்டாம். விரல் இடுக்கில் சேற்றுப்புண் இருந்தால், அதை ஆற்றாமல் மூடிய ஷூவுக்குள் போகாதீர்கள். புழுக்கத்தில் பெருகிவிடும். கால் ஆணியைப் பிளேடால் சீவுவது, கடையில் விற்கும் ஆணி பிளாஸ்திரி ஒட்டுவது, வெந்நீரில் காலை ஊறவைப்பது – சர்க்கரைக்காரர்கள் இந்த மூன்றையும் செய்யவே கூடாது.

குமட்டலும் தலைசுற்றலும் இருந்தால் எந்த ஷூவும் உங்களை நிறுத்தாது. கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒரு சின்னத் துண்டு இஞ்சியை மென்று சாற்றை விழுங்கலாம். ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியும் தலை சுற்றினால் சமையற்கட்டுச் சுற்றுலாவை விட்டுவிடுங்கள். வாந்தியோ பேதியோ இருந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது. அது மற்றவர்களுக்கும் ஆபத்து.

ஷூவை மாட்டும் முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். கடையில் திணித்த காகிதம், மடங்கின மெத்தை, சில்லறைக் காசு என்று என்னென்னவோ கிடக்கும். விருந்து முடிந்து அறைக்கு வந்ததும் நல்ல வெளிச்சத்தில் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கைக்கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். கொப்புளம் இருந்தால் குத்தி உடைக்காதீர்கள். கழுவி, ஒற்றி எடுத்து, சுத்தமான துணிக்கட்டுப் போடுங்கள். சர்க்கரைக்காரர்கள் அன்று இரவே கப்பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அங்கே கட்டணம் டாலரில்தான். பயணக் காப்பீடு எடுக்கும்போதே சர்க்கரை வியாதியை மறைக்காமல் எழுதியிருந்தால், ரசீதை வாங்கி வைத்துக்கொண்டு ஊருக்கு வந்து கேட்கலாம். மறுநாள் கரையிறங்கி ஊர் பார்க்கும் திட்டம் இருந்தால், நடைப் பயணத்தை விட்டுவிட்டு பஸ்ஸில் சுற்றிக் காட்டுகிறார்களா என்று விசாரியுங்கள்.