சுவாசப்பைப் புற்றுநோயும் கதிர்ச் சிகிச்சையும்

சுவாசப்பையின் உள் இழையத்தில் வலியை உணர்த்தும் நரம்புகள் இல்லை. அதனால் அங்கே வளரும் கட்டி நெஞ்சுச் சுவரையோ வேறோர் உறுப்பையோ தொடும்வரை நோவு தெரிவதில்லை. மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், சளியில் இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல், குரல் கம்முதல் என்பனவே முன்னறிகுறிகள். "தடிமன்தானே" என்று கொத்தமல்லி அவித்துக் குடித்து நாட்களைக் கடத்துவது நம் வீடுகளில் வழக்கம். பெரும்பாலான இருமலுக்குக் காரணம் வேறாகத்தான் இருக்கும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் வைத்தியர்.

இந்நோய் ஏன் பெருகுகிறது என்று லண்டனில் ஆராய்ந்த ரிச்சர்ட் டோல், தெருக்களுக்கு இடும் தாரையும் வாகனப் புகையையுமே முதலில் சந்தேகித்தார். வைத்தியசாலை நோயாளரை விசாரிக்க விசாரிக்க, குற்றவாளி சிகரெட் என்பது தெளிவாயிற்று. 1950இல் முடிவுகள் வெளிவருமுன்னரே அவர் தாமும் புகைத்தலைக் கைவிட்டார். இன்றும் இந்நோயாளரில் ஏறத்தாழ 85 சதவீதத்தினருக்குப் புகைத்தலே காரணம். புகைக்காத உம்மாமாரும் பிள்ளைகளும் தப்பிவிட்டதாக எண்ண முடியாது. பிறர் விடும் புகை, காற்றோட்டமற்ற குசினியின் விறகுப் புகை, அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டை வெட்டும்போது பறக்கும் தூசு எல்லாமே ஆபத்தானவை. வாப்பாமார் ஜன்னலோரம் நின்று புகைத்தாலும் புகை வீட்டுக்குள்தான் வரும். விட்டொழித்தால் பத்துப் பதினைந்து வருடங்களில் ஆபத்து ஏறக்குறைய அரைவாசியாகக் குறைகிறது.

சத்திரசிகிச்சை, மருந்துகள், கதிர்ச் சிகிச்சை என்பவற்றில் எது பொருத்தம் என்பதை நோயின் பரவலே தீர்மானிக்கும். மகரகம அபேக்ஷா வைத்தியசாலையின் பெயரைக் கேட்டதுமே பலருக்கு நினைவுக்கு வருவது "கரண்ட் பிடிப்பது". உண்மையில் மின்சாரம் உடலில் பாய்வதில்லை. வலுமிக்க எக்ஸ் கதிர்கள் புற்றுக் கலங்களின் டீ.என்.ஏ.யைச் சிதைக்கின்றன. நல்ல கலங்களும் பாதிக்கப்படும். எனினும் அவை தம்மைச் சீர்செய்துகொள்ளும் ஆற்றல் மிக்கவை. அதற்கு அவகாசம் கொடுக்கவே, வாரத்தில் ஐந்து நாட்களாக ஆறு வாரமளவில் சிறிது சிறிதாகக் கதிர் செலுத்துகிறார்கள். ஆரம்பநிலைச் சிறு கட்டிக்கு, குறிவைத்துப் பல திசைகளிலிருந்து பாய்ச்சும் நவீன முறையில் சில தடவைகளே போதும். முற்றிய நோயிலும் வலியையும் மூச்சுத்திணறலையும் தணிக்க இது உதவுகிறது.

வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் நோயாளியின் உடலில் தங்குவதில்லை. அவர் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம். ஒரே சஹனில் எல்லோரோடும் உண்ணலாம். களைப்பு வரும், விழுங்கும்போது நோகும். அந்நாட்களில் உறைப்பைக் குறைத்துக் கஞ்சி கொடுங்கள். தோலில் இட்ட மை அடையாளங்களை அழித்துவிட வேண்டாம்.