யார் யாருக்கு, எத்தனை மணிக்கு?

புதிதாகத் திட்டக்குழு அமைந்ததும் முதல் வேலையாக வாட்ஸ்அப் குழு திறக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் அதில் காலை வணக்கமும் பிறந்தநாள் கேக்கும் ஓடிக்கொண்டிருக்கும். "கரைக்கு மண் வந்துடுச்சா?" என்று நடுவே ஒருவர் கேட்ட கேள்வி பதிலில்லாமல் மேலே போயிருக்கும். ஏரி, சுய உதவிக் குழு, பள்ளி, நலவாழ்வு என்று கிராமப்புறப் புதுச்சேரியில் எந்தத் திட்டத்தில் நீங்கள் வேலைக்குச் சேர்ந்தாலும் இதைப் பார்ப்பீர்கள். எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. யார் யாருக்கு, எதை, எப்போது சொல்ல வேண்டும் என்பதைத்தான் யாரும் பேசி வைக்கவில்லை.

அதைப் பேசி வைத்துக்கொண்ட ஒரு குழு இதே புதுச்சேரியின் வில்லியனூரில் வேலை செய்திருக்கிறது, செல்போன் இங்கே பரவுவதற்கு முன்பே. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல், கனடாவின் ஐ.டி.ஆர்.சி. அமைப்பின் உதவியோடு 'தகவல் கிராமம்' திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூரில் நடுமையம்; கீழூர், எம்பலம், வீராம்பட்டினம் போன்ற ஊர்களில் அறிவு மையங்கள். தொலைபேசிக் கம்பியை நம்ப முடியாததால் வயர்லெஸ். மின்வெட்டைச் சமாளிக்கச் சூரியத் தகடு. உலகம் இந்தக் கருவிகளைத்தான் வியந்து எழுதியது. வேலைக்குப் போகிறவர் கவனிக்க வேண்டியது கருவிக்கு முன்னால் நடந்த பேச்சு.

கம்ப்யூட்டர் ஊருக்குள் வருவதற்கு முன்பே நிபந்தனை வந்தது. மையத்துக்கு இடம் ஊர் தரவேண்டும். தன்னார்வலர்களும் ஊரிலிருந்தே வரவேண்டும், அதில் பெண்கள் இருக்க வேண்டும். சாதி பார்க்காமல் யாரும் உள்ளே வரலாம். எம்பலத்தில் மையம் அமைந்தது கோயிலைச் சேர்ந்த இடத்தில். அங்கே தலித் மக்களும் வரலாம், மாதவிலக்கில் இருக்கும் பெண்களும் வரலாம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளாமல் இருந்திருந்தால், முதல் மாதமே வாசலில் சண்டை வந்திருக்கும்.

உங்கள் திட்டத்துக்கும் இப்படி ஒரு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் என்ன தருகிறோம், நீங்கள் என்ன தருகிறீர்கள், எந்தத் தேதியில் நாங்கள் விலகுவோம் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். விலகும் தேதியை எழுதத்தான் எல்லோரும் கூச்சப்படுவார்கள். முதல் நாளே அதைச் சொல்லிவிடுவதுதான் மரியாதை.

கையெழுத்து யாரிடம் வாங்குவது என்பது இங்கே தனிச் சிக்கல். புதுச்சேரியில் 38 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2006இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் முடிந்தபின் மறுபடி தேர்தல் நடக்கவில்லை. ஆகவே "தலைவரைப் பார்த்துப் பேசிவிடுவோம்" என்று கிளம்பினால், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் என்று ஒருவர் இருக்கமாட்டார். கொம்யூன் பஞ்சாயத்து ஆணையர் இருக்கிறார், சட்டமன்ற உறுப்பினர் இருக்கிறார், ஊர்ப் பஞ்சாயத்தார் இருக்கிறார்கள், மகளிர் குழுக்கள் இருக்கின்றன. பாகூரில் வேலை என்றால் தாலுகா அலுவலகமும் கொம்யூன் அலுவலகமும் பாகூரிலேயே இருக்கின்றன, ஆனால் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு அரியாங்குப்பம் கணக்கு. எந்தக் காகிதம் எந்த மேசைக்கு என்பதை முதல் வாரமே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

ஏரி வேலை என்றால் இன்னும் ஒரு படி உண்டு. பாகூர் ஏரிக்குத் தண்ணீர் வருவது தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து, பங்காரு வாய்க்கால் வழியாக. அணைக்கட்டு இருப்பது விழுப்புரம் மாவட்டத்தில். ஊசுடு ஏரியிலும் ஒரு பகுதி தமிழ்நாட்டைச் சேர்ந்தது. கரையில் நிற்பவர்களை மட்டும் குழுவில் சேர்த்துவிட்டு, தண்ணீரைத் திறந்துவிடும் பக்கத்தை மறந்த திட்டங்களுக்குக் கூட்டம் நன்றாகத்தான் நடக்கும். வாய்க்காலில்தான் தண்ணீர் வராது.

இனி அன்றாடப் பேச்சு. வில்லியனூரிலிருந்து ஊர்களுக்குப் போனவை விளைபொருள் விலை, உரம் எங்கே கிடைக்கும், பேருந்து நேரம், எந்த மருத்துவர் எங்கே இருக்கிறார், அரசுத் திட்டங்களுக்கு யார் விண்ணப்பிக்கலாம் என்பவை. இவற்றை நடுமையம் தானாக முடிவு செய்து அனுப்பவில்லை. முதலில் ஊர்களில் கேட்டார்கள். பிறகு மையத்துக்கு யார் வந்தார்கள், எதற்காக வந்தார்கள் என்று தன்னார்வலர்கள் பதிவேட்டில் எழுதினார்கள். மீனவ ஊரான வீராம்பட்டினத்துக்கு உர விலை எதற்கு? அங்கே கேட்டது அலை எவ்வளவு உயரம் வரும் என்பது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அந்த முன்கணிப்பை எடுத்து, தமிழில் குரல் பதிவாக்கி அனுப்பினார்கள். அது ஒலிபெருக்கியில் போனது. வலையைச் சுமந்து போகிறவர் நின்று படிக்கமாட்டார், நடந்தபடியே கேட்பார்.

இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தினமும் ஒரே நேரத்தில் பத்து நிமிடப் போன் அழைப்பு வையுங்கள்; களத்தில் இருப்பவர் முதலில் பேசட்டும், அலுவலகம் பிறகு பேசட்டும். பெரும்பாலான குழுக்களில் இது தலைகீழாக நடக்கிறது, ஒருங்கிணைப்பாளர் எட்டு நிமிடம் பேசிவிட்டு "வேற ஏதாச்சும் இருக்காம்மா?" என்று கேட்டால் "இல்ல சார்" என்றுதான் பதில் வரும். முடிவானதை ஒருவர் நோட்டில் எழுதட்டும்: யார், என்ன, எந்தத் தேதிக்குள். வாட்ஸ்அப்பில் அந்த நோட்டுப் பக்கத்தின் படம் போனால் போதும். விலையோ தேதியோ இல்லாத செய்தியைக் குழுவில் போடக்கூடாது என்று ஒரு விதி வைத்துப் பாருங்கள், சத்தம் பாதி குறையும்.

அன்றாடம் ஓடும் வழிதான் ஆபத்திலும் ஓடும் என்பதற்கு, அதே திட்டத்தின் மையம் இருந்த கடலோர ஊரான நல்லவாடு சாட்சி. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அந்த ஊர் மையத்தோடு முன்பு தொடர்பில் இருந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். கடல்நீர் ஏறுகிறது என்று வீட்டில் சொன்னார்கள். செய்தி கிடைத்தவர்கள் அறிவு மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய், ஒலிபெருக்கியில் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊர் உயிர் தப்பியது. வீடுகளும் படகுகளும் போயின. கடல் நிலவரத்தைத் தினமும் சொன்ன அதே ஒலிபெருக்கியில்தான் இந்த எச்சரிக்கையும் போனது.

அந்தச் சிங்கப்பூர் இளைஞரைப் போல வேலையிலிருந்து போனவர்களின் எண்களை அழிக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் கல்யாணமாகி வேறு ஊர் போகும் பெண்களும், சேதராப்பட்டு கம்பெனியில் இடம் கிடைத்துப் போகும் பையன்களும்தான் தன்னார்வலர்கள். ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு பேரைச் சேர்த்தே போடுங்கள். ஒருவர் கிளம்பினால் மற்றவருக்கு வேலை தெரிந்திருக்கும்.

நல்லவாட்டில் உடைக்க வேண்டியிருந்த அந்தக் கதவையும் யோசியுங்கள். உங்கள் அலுவலகச் சாவி, மைக் செட் அறைச் சாவி, மின்னஞ்சல் கடவுச்சொல், வங்கிப் பாஸ்புக் எல்லாம் இப்போது யாரிடம் இருக்கின்றன? ஒரே ஆள் பெயர்தான் வருகிறது என்றால் மாலைக்குள் மறுசாவி போட்டு, நடந்து போகும் தூரத்தில் இருக்கும் இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.