பாடம் பிள்ளைகளுக்கு வந்து சேர: ஆசிரியர்களுக்குப் பயனுள்ள குறிப்புகள்

போர்ஷன் முடிந்ததா என்று பார்ப்பதைவிட, பிள்ளைகளுக்குப் பாடம் வந்ததா என்று பார்ப்பதே முக்கியம். நாளைய வகுப்பிலேயே செய்து பார்க்கக்கூடியவை இவை.

1. "புரிஞ்சுதா?" என்று கேட்டால், "புரிஞ்சுது டீச்சர்" என்றுதான் வகுப்பே ராகம் போடும். கேட்பதற்குப் பதில் ஒரு கணக்கைக் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். யார் எங்கே இடறுகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

2. கேள்வி கேட்டபின் 3 விநாடியாவது பேசாமல் காத்திருங்கள். 1970-களில் அமெரிக்க வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் சுமார் ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். கூடுதலாகக் காத்திருந்தபோது பதில்கள் நீண்டன. மெதுவாகக் கற்கும் பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள்.

3. கேள்வியை முதலில் சொல்லி, பெயரைப் பிறகு சொல்லுங்கள். பெயர் முந்திவிட்டால் மற்றவர்கள் யோசிக்கமாட்டார்கள்.

4. தவறான விடையை உடனே அடிக்காமல், "எப்படிப் போட்டே?" என்று கேளுங்கள். 42-லிருந்து 17 போக 35 என்று எழுதும் பிள்ளை, 7-லிருந்து 2-ஐக் கழித்திருக்கிறது. அதற்குக் கழித்தல் தெரியும். கடன் வாங்குவதுதான் தெரியவில்லை. அதை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும்.

5. பீரியட் தொடங்கும்போது, புத்தகத்தை மூடிவைத்து, நேற்றைய பாடத்தில் நினைவிருப்பதை ரஃப் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் வேண்டாம். ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது.

6. விடைகள் மாறுபட்டால், பக்கத்தில் இருப்பவரோடு பேசிவிட்டு மறுபடி பதில் சொல்லச் சொல்லுங்கள். ஹார்வர்டில் எரிக் மஸூர் 1991 முதல் இயற்பியலை இப்படித்தான் நடத்தினார்.

7. எல்லோரையும் ஒரே வேகத்தில் இழுக்காதீர்கள். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில், பிள்ளைகள் அட்டைகளை வைத்து அவரவர் படியிலிருந்து முன்னேறினார்கள். நீங்களும் எளிது, நடுத்தரம், கடினம் என மூன்று வகைப் பயிற்சிகளைத் தயாராக வைத்திருங்கள்.

8. மணி அடிப்பதற்குச் சற்று முன், துண்டுத்தாளில் புரிந்தது ஒன்று, புரியாதது ஒன்று எழுதி வாங்குங்கள். மறுநாள் பாடத்தைப் புரியாததிலிருந்து தொடங்குங்கள்.

9. பாடக்குறிப்பேட்டில், நடத்திய பாடத்துக்குப் பக்கத்தில், அது இன்னும் வராத பிள்ளைகளின் பெயர்களையும் எழுதுங்கள். ஒவ்வொரு பெயரையும் அந்தப் பிள்ளைக்குப் பாடம் வந்தபிறகே அடியுங்கள்.