வீட்டுக் கிடாவின் கறி எப்படி இருக்கும்?

அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தைக்கு ஓட்டிப்போவதானாலும் குலசாமிக்கு வெட்டுவதானாலும், வளர்த்த கிடாவின் கறிப்பிடிப்பை முன்கூட்டியே அறியலாம். வயிற்றை மட்டும் பார்க்காதீர்கள். தீனியும் தண்ணீரும் நிறைந்தால் எந்த ஆடும் கொழுத்ததாகத்தான் தெரியும்.

1. இடுப்பைத் தடவிப் பாருங்கள். கடைசி விலாவுக்குப் பின்னால், முதுகெலும்பின் இரு பக்கமும் விரலை அழுத்துங்கள். எலும்பின் நுனி கூராகக் குத்தினால் கறி பிடிக்கவில்லை. இன்னும் இரண்டு மாதம் கடலைக்கொடியும் அகத்தியும் போடுங்கள். அழுத்தினால் மட்டும் மழுங்கலாகத் தட்டுப்பட்டால் சரியான பதம். எலும்பே தெரியாவிட்டால் மகிழ வேண்டாம். வெள்ளாட்டுக்குக் கொழுப்பு முதலில் குடலையும் குண்டிக்காயையும் சுற்றித்தான் சேரும். முதுகே மூடிவிட்டதென்றால், உள்ளே தீனிக்காசு கொழுப்பாகக் கிடக்கிறது என்று பொருள்.

2. தராசு இல்லையா? தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, தோள்முனையிலிருந்து பின்புட்டம் வரை நீளம், இரண்டையும் அங்குலத்தில் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660 ஆல் வகுத்தால் உத்தேச எடை கிலோவில் வரும். சுற்றளவு 28, நீளம் 26 என்றால் ஏறக்குறைய 31 கிலோ. எலும்போடு கறி அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே தேறும்.

3. பல் போடாத (பால்பல் மட்டுமே உள்ள) கிடாவின் கறி சீக்கிரம் வேகும். இரண்டு பல் பிரியாணிக்கு நன்று. ஆறு பல்லைத் தாண்டினால் குழம்புக்குத்தான். குக்கர் கூடுதலாக விசில் போடட்டும்.

4. மூன்று மாத வாக்கில் காயடித்த கிடாவில் வாடை வராது. நேர்ந்துவிட்ட கிடாவைக் காயடிக்க முடியாதே என்றால், பருவம் முற்றுமுன் வேண்டுதலை முடிப்பது நல்லது. வாடை ஒட்டாதிருக்க, உரிக்கும்போது ரோமத்தைத் தொட்ட கை கறியில் படக் கூடாது.

5. கீழ் இமையை விலக்கிப் பாருங்கள். வெளுத்திருந்தால் குடற்புழு ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கலாம். மருந்து கொடுங்கள், எத்தனை நாள் கழித்து வெட்டலாம் என்பதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. வெட்டுவதற்கு முந்தின இரவு தீனி வேண்டாம், தண்ணீர் வேண்டும். விரட்டிப் பிடிக்காதீர்கள். மிரண்டு களைத்த ஆட்டின் தசையில் சர்க்கரைச் சத்து தீர்ந்துபோய், கறி கறுத்து விறைப்பாக இருக்கும், சீக்கிரம் கெடும்.

7. வயிற்றைத் திறந்ததும் அவசரப்படாமல் பாருங்கள். வெள்ளாட்டுக் கொழுப்பு வெள்ளையாக இருக்க வேண்டும். பசும்புல் தின்ற மாட்டின் கொழுப்பு மஞ்சளாக இருக்கலாம். ஆட்டில் மஞ்சள் என்றால் காமாலையாக இருக்கக்கூடும், கால்நடை மருத்துவரிடம் காட்டாமல் சமைக்காதீர்கள். ஈரலை அறுத்துப் பாருங்கள். தட்டைப்புழு தெரிந்தால் ஈரலைக் கழித்துவிடுங்கள். ஈரலிலோ நுரையீரலிலோ நீர் கோத்த கட்டிகள் இருந்தால் நாய்க்கு வீசவே கூடாது. நாயின் குடலில் அது நாடாப்புழுவாகி, அதன் முட்டை குழந்தைகளின் கை வழியே வயிற்றுக்குள் போகும். ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள்.

8. வெட்டிய சூட்டோடு கறியை ஃப்ரீசரில் வைத்தால் தசை சுருங்கி ரப்பர் போலாகும். முதல் நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, மறுநாள் ஃப்ரீசருக்கு மாற்றுங்கள்.