பத்துப் பேரின் தூக்கம்

கொட்டாஞ்சேனை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பின் மருமகளுக்கு,

வெள்ளவத்தை உளவியல் வகுப்பில் ரி-சோதனை தொடங்கிவிட்டதாம், கணினியில் எதை அழுத்துவது என்பது மட்டும்தான் உன் குறிப்பில் இருக்கிறதாம். நேற்று உன் அம்மா சொன்னா. அழுத்துவதை ஒரு நாளில் பழகிவிடலாம். அதற்கு முன்னால், எந்த எண்ணுக்குப் பக்கத்தில் எந்த எண்ணை வைக்கிறாய், ஏன் வைக்கிறாய் என்று நீ உன்னையே கேட்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தச் சோதனை உளவியலில் பிறக்கவில்லை. வில்லியம் சீலி கோசெட் என்பவர் 1899இல் டப்ளின் நகரத்துக் கின்னஸ் பியர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஒரு முடிவெடுக்க அவர் கையில் பெரும்பாலும் ஒருசில அளவீடுகளே இருக்கும். அன்றிருந்த சூத்திரங்களோ பெரிய மாதிரிகளுக்கானவை. நாலைந்து எண்களிலிருந்து எடுக்கும் நியம விலகலை அப்படியே நம்ப முடியாது. மாதிரிக்கு மாதிரி அது ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வழியை அவர் 1908இல் 'பயோமெற்றிக்கா' இதழில் வெளியிட்டார். ஆலை ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுத முடியாததால் 'மாணவன்' என்று பெயர் போட்டார். இன்று நாம் எழுதும் ரி வடிவம் பின்னர் பிஷர் என்ற புள்ளிவிபரவியலாளரின் கைபட்டு வந்தது.

சூத்திரம் சரிதானா என்று பார்க்க அவர் செய்த வேலையைக் கேள். 3000 கைதிகளின் உயரத்தையும் இடக்கை நடுவிரல் நீளத்தையும் அட்டைத் துண்டுகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காக எடுத்து, 750 சிறு மாதிரிகளாக்கி ஒவ்வொன்றுக்கும் கணக்குப் பார்த்தார். கணினி இல்லாத காலம். மாதிரிப் பரம்பல் என்று உன் புத்தகம் ஒரு பக்கத்தில் சொல்லி முடிப்பது இந்த அட்டைக் குவியலைத்தான்.

அதே கட்டுரையில் அவர் எடுத்த உதாரணம் உன் பாடத்துக்கு நெருக்கமானது. குஷ்னி, பீபிள்ஸ் இருவரும் 1905இல் வெளியிட்ட தரவு: அமெரிக்காவில் மனநோய் மருத்துவமனை ஒன்றிலிருந்த பத்து நோயாளிகளுக்கு இரண்டு தூக்க மருந்துகளை வெவ்வேறு இரவுகளில் கொடுத்து, ஒவ்வொன்றாலும் எத்தனை மணிநேரம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்று அளந்தார்கள். முதல் மருந்துக்கு இடை 0.75 மணி, இரண்டாவதற்கு 2.33. வித்தியாசம் 1.58, அதாவது ஒரு மணி 35 நிமிடம்.

ரி என்பது வித்தியாசத்தை அதன் நியம வழுவால் வகுப்பதுதான். காலி வீதியில் பஸ் இரைச்சலுக்கு நடுவே ஒருவர் பேசுவது காதில் விழுமா என்பது, அவர் குரலையும் பொறுத்தது, இரைச்சலையும் பொறுத்தது அல்லவா? மேலே குரல், கீழே இரைச்சல்.

இப்போது பேனாவை எடு. இந்த இருபது எண்களையும் இருபது வெவ்வேறு ஆட்களின் எண்களாக நினைத்து, சுயாதீன மாதிரிகளுக்கான ரி-சோதனை செய்தால் ரி = 1.86 வரும். சுயாதீனப் படிகள் 18. 0.05 மட்டத்தில் அட்டவணை கேட்பது 2.10. எட்டவில்லை. அதே எண்களைச் சோடிகளாக வைத்து, ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழி: 1.2, 2.4, 1.3, 1.3, 0, 1.0, 1.8, 0.8, 4.6, 1.4. இவற்றின் இடை அதே 1.58. ஆனால் நியம வழு 0.85இலிருந்து 0.39 ஆகக் குறைகிறது. ரி = 4.06. சுயாதீனப் படிகள் 9, தேவையானது 2.26. தாராளமாகத் தாண்டிவிட்டது.

எண்கள் ஒன்றுகூட மாறவில்லையே! சிலர் எந்த மருந்துக்கும் நன்றாகத் தூங்குகிறவர்கள், சிலர் எதற்கும் அசையாதவர்கள். ஆளுக்கு ஆள் உள்ள இந்த வேறுபாடுதான் முதற்கணக்கில் இரைச்சலாக நின்றது. ஒவ்வொருவரையும் அவரோடேயே ஒப்பிட்டபோது அது கழிந்துபோயிற்று. ஆனால் பெரிய ரி வருகிறதென்று சோடிக் கணக்கைத் தெரிவுசெய்ய உனக்கு உரிமையில்லை. தரவைச் சேகரித்த விதமே அதைத் தீர்மானித்துவிடுகிறது.

அந்த 4.6ஐயும் கவனி. அந்த ஒருவரை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் இடை 1.24 ஆகக் குறையும், ரியோ 5.66 ஆகக் கூடும்! சிதறல் சுருங்கியதால் வந்த வினை. ரி பெரிதென்றால் விளைவும் பெரிதென்று எண்ணுகிறவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆகவே அறிக்கையில் ரியோடும் பி பெறுமானத்தோடும் நிறுத்தாதே, 1.58 மணி என்று வித்தியாசத்தையும் எழுது. ஓர் ஆய்வில் பி பெறுமானம் 0.03 என்றால் கருதுகோள் 97 வீதம் உண்மை என்று பொருளல்ல. உண்மையில் வித்தியாசமே இல்லாதிருந்தாலும் இவ்வளவோ இதற்கு மேலோ தற்செயலாக வரக்கூடிய வாய்ப்பு 100க்கு 3. அவ்வளவுதான் அது சொல்வது.

நம் நாட்டிலேயே ஓர் ஆய்வு இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பின் வடகிழக்கு முகாம்களில் இருந்த 31 பிள்ளைகளை எழுமாறாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு நடந்ததை விவரித்துச் சொல்லும் சிகிச்சையும் மற்றதற்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் ஆறு அமர்வுகள் கொடுத்தார்கள். கற்றானியும் குழுவினரும் 2009இல் வெளியிட்டது. இரு குழுக்களிலும் மனவடு அறிகுறிகள் குறைந்தன. ஆறு மாதத்தின் பின் குணமடைந்தோர் 81 வீதமும் 71 வீதமும். குழுக்களுக்கிடையே பொருளுண்மையான வித்தியாசம் இல்லை. பதினாறு பேர் அளவான குழுவில் ஒரு பிள்ளையே ஆறு வீதம் என்பதை நினைத்துக்கொள். 'வித்தியாசம் தெரியவில்லை' என்பதை 'இரண்டும் சமம்' என்று வாசிக்கவும் கூடாது. இத்தனை சிறிய மாதிரி அதைச் சொல்லப் போதாது. சிகிச்சை எதுவும் பெறாத மூன்றாவது குழு அங்கே இல்லை. அதனால் காலம் எவ்வளவு ஆற்றியது, சிகிச்சை எவ்வளவு ஆற்றியது என்பதை எந்தச் சோதனையாலும் பிரித்துக் காட்ட முடியாது. முகாமிலுள்ள பிள்ளையைக் காத்திருக்க வைப்பது சரியா என்பது இன்னொரு கேள்வி. அதற்குச் சூத்திரம் கிடையாது.

உன் ஒப்படைக்கு வருகிறேன். இரைச்சலில் சொற்கள் நினைவில் நிற்குமா என்று பார்க்க, கொட்டாஞ்சேனையில் 15 பேரை அமைதியிலும் வெள்ளவத்தையில் 15 பேரை இரைச்சலிலும் சோதிக்கப் போகிறாயாம். வேண்டாம், பிள்ளை. பள்ளிக்கூடம், மொழிமூலம், வீட்டு நிலை எல்லாமே கூட வந்துவிடும். ரி பெரிதாக வந்தாலும் எதனால் என்று உன்னால் சொல்ல முடியாது. அதே 15 பேரை அமைதியான அறையிலும் காலி வீதிப் பக்கத்து அறையிலும் இருத்து. பாதிப் பேர் முதலில் அமைதியில், மீதிப் பேர் முதலில் இரைச்சலில். சொற்பட்டியல் இரண்டு வேண்டும். அவற்றையும் மாற்றி மாற்றிக் கொடு. ஆளுக்கு இரண்டு எண் கிடைக்கும். கழி, இடை எடு, வித்தியாசங்களைப் புள்ளிகளாக வரைந்து பார். கணினியில் எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளைத் திறப்பது அதற்குப் பிறகு.

வரும்போது தாளைக் கொண்டு வா. முதல் ஐந்து பேரின் கணக்கைக் கையால் போடுவோம்.

அன்புடன்,
மாமி